பும்ராவின் முதுகுக் காயம்: ஒரே செய்தியைப் பல ஊடகங்களில் ஒப்பிட்டுப் படிக்கும் முறை

ஒரு வீரருக்குக் காயம் என்றவுடன், அவர் தொடரிலிருந்தே விலகிவிட்டார் என்று ஓர் ஊடகமும், ஆடுவது சந்தேகம் என்று இன்னொன்றும், இன்னும் அணியில்தான் இருக்கிறார் என்று மற்றொன்றும் ஒரே நாளில் எழுதுகின்றன. இவற்றை ஒப்பிட்டுப் படிக்க நான் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். 2022 டி20 உலகக் கோப்பைக்கு முன் இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ராவுக்கு ஏற்பட்ட முதுகுக் காயம் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. முரண்பட்ட செய்திகள் ஐந்தாறு நாட்களுக்குள் வந்து முடிந்துவிட்டதால், முழுவதையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்.

முதலில், கூகுள் தேடலில் "டூல்ஸ்" என்பதை அழுத்தி, 2022 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 4 வரை என்று தேதி எல்லையை வரையறுத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். கிடைப்பவற்றைக் குறிப்பேட்டுச் செயலியில் சேர்க்காமல், கூகுள் ஷீட்ஸ் போன்ற அட்டவணையிலேயே பதிவு செய்யுங்கள். நேர வரிசைப்படி அடுக்கிப் பார்க்கும் வசதிதான் இந்த வேலைக்கு உயிர்நாடி. குறிப்பேட்டில் அது கிடைக்காது. வெளியான நேரம், ஊடகம், தகவலைச் சொன்னவர், சொன்ன செய்தி என்று நான்கு நெடுவரிசைகள் போதும்.

அடுத்து, அதிகாரபூர்வ அறிவிப்புகளை மட்டும் முதலில் நிரப்புங்கள். செப்டம்பர் 28 அன்று திருவனந்தபுரத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டி20 நடந்தபோது, முந்தைய நாள் பயிற்சியில் பும்ரா முதுகு வலி இருப்பதாகச் சொன்னதால் அந்தப் போட்டியில் ஆடவில்லை என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் தெரிவித்தது. செப்டம்பர் 30 அன்று, அத்தொடரின் எஞ்சிய போட்டிகளுக்குப் பும்ராவுக்குப் பதிலாக முகமது சிராஜ் சேர்க்கப்பட்டார். உலகக் கோப்பையிலிருந்து பும்ரா விலக்கப்பட்டதை வாரியம் அறிவித்தது அக்டோபர் 3 அன்றுதான். இந்த மூன்று வரிகளும் அட்டவணையின் முதுகெலும்பு. மற்ற செய்திகளை இவற்றுக்கு இடையில் பொருத்துங்கள்.

இனி வருவதுதான் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் படி என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். செப்டம்பர் 29 அன்று, பும்ரா உலகக் கோப்பையில் ஆடமாட்டார் என்ற செய்தி ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் வந்தது. இத்தனை பேர் எழுதினால் உறுதியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றிலும் தகவலைச் சொன்னவர் யார் என்று தேடினால், பெயர் வெளியிட விரும்பாத வாரிய அதிகாரி ஒருவர் பிடிஐ செய்தி நிறுவனத்திடம் கூறியது என்ற ஒரே இடத்துக்குத்தான் பல செய்திகள் போய்ச் சேருகின்றன. பத்துப் பத்திரிகைகள் வெளியிட்டாலும் மூலம் ஒன்றுதான். ஆகவே ஊடகங்களை எண்ணாதீர்கள், மூலங்களை எண்ணுங்கள். செய்தியின் தொடக்கத்திலோ இறுதியிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதே வாக்கியம் வேறு தளங்களிலும் வந்தால், அவை அனைத்துக்கும் அட்டவணையில் ஒரே நிறம் கொடுங்கள். தமிழ்ச் செய்திகளில் மொழிபெயர்ப்பு மாறுவதால் இந்தத் தேடல் உதவாது; அங்கே மேற்கோள்களின் வரிசையையும் தகவல்களின் அடுக்கையும் ஒப்பிட வேண்டும்.

நிறம் கொடுத்து முடித்தபின் எதிர்க்குரல்களைச் சேருங்கள். பும்ரா உலகக் கோப்பையிலிருந்து இன்னும் விலகவில்லை என்று அன்றைய வாரியத் தலைவர் சவுரவ் கங்குலி கூறினார். அதிகாரபூர்வமாகப் பும்ரா நடப்புத் தென்னாப்பிரிக்கத் தொடரிலிருந்து மட்டுமே விலகியுள்ளார் என்று பயிற்சியாளர் ராகுல் திராவிட் அக்டோபர் 1 அன்று விளக்கினார். முடிவில் பெயர் சொல்லாத அதிகாரியின் தகவலே சரியாக இருந்தது என்பதற்காக, பெயருடன் பேசிய இருவரும் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுவது நியாயமல்ல. அந்த அதிகாரி சொன்னது வரப்போகும் முடிவை. இவர்கள் சொன்னது அந்த நேரத்து நிலையை.

காயத்தின் தன்மையையும் முடிவையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிஐ செய்தி இதை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்றது. அதாவது, திரும்பத் திரும்ப வரும் அழுத்தத்தால் எலும்பில் உண்டாகும் நுண்ணிய விரிசல். வாரியத்தின் அக்டோபர் 3 அறிவிப்பிலோ முதுகுக் காயம் என்று மட்டுமே இருந்தது. 2019 செப்டம்பரில் இதே வீரருக்குச் சிறிய ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று வாரியமே வெளிப்படையாக அறிவித்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மௌனம் கவனிக்கத் தக்கது.

பிற்சேர்க்கை: நேர வரிசை குழம்புகிறது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய, பிரிட்டன் தளங்கள் அந்தந்த நாட்டு நேரத்தைக் காட்டக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே அடுக்குங்கள். அத்துடன், பல தளங்கள் பழைய பக்கத்திலேயே புதிய செய்தியை எழுதிவிடுகின்றன. தலைப்பின் முந்தைய வடிவத்தை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடுங்கள். எல்லாப் பக்கங்களும் அங்கே கிடைக்காது என்பதால், நடப்புச் செய்தியை ஆராயும்போது படித்தவுடன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பதையே நான் வற்புறுத்துவேன்.

பயிற்சிக்கு, 2025 ஜனவரி 4 அன்று சிட்னி டெஸ்டின் நடுவே பும்ரா ஸ்கேன் எடுக்க மைதானத்தை விட்டுச் சென்றதிலிருந்து, பிப்ரவரி 11 அன்று சாம்பியன்ஸ் டிராபி அணியிலிருந்து விலக்கப்பட்டு ஹர்ஷித் ராணா சேர்க்கப்பட்டது வரையிலான செய்திகளை இதே அட்டவணையில் நிரப்பிப் பாருங்கள்.