வில்லுப்பாட்டு படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் கொடைக்காலம், அதாவது ஊர்க்கோவில் திருவிழாக் காலம், வந்துவிட்டால் ஏதாவது ஒரு கோவிலில் வில்லுச் சத்தம் கேட்காத ராத்திரி கிடையாது. எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனாலும் வில்லு உண்டு. அங்கே வில்லடிச்சான்பாட்டு என்பார்கள். இந்தக் கலையைப் படிக்க இளையவர்கள் ஆசையோடு வருவது பெரிய சந்தோஷம். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் சில மாதங்களிலேயே சோர்ந்து போகிறார்கள். பெரும்பாலும் குரல் குறையால் அல்ல, தொடங்கிய விதத்தால்தான்.

முதல் தவறு, போனில் நாலு பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வில்லு தெரியும் என்று நினைப்பது. வில்லில் பாட்டு தனியாக நிற்காது. காப்பு விருத்தம், குருவை வணங்கும் குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி என்று ஒரு நடை இருக்கிறது. கதைக்குள்ளும் விருத்தம், பாட்டு, வசனம் மாறி மாறி வரும். எந்த இடத்தில் பாட்டை நிறுத்திப் பேச வேண்டும், எங்கே பேச்சை விட்டுப் பாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் தொழில். அதனால் முதலில் கதையைப் பாட்டில்லாமல், வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் முழுசாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தப் பகுதி இன்னும் உங்களுக்குக் கைவரவில்லை.

அடுத்தது, வந்த முதல் நாளே வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுக்க ஆசைப்படுவது. எல்லோருடைய கண்ணும் நடுவில் உட்கார்ந்து வில்லடிக்கும் தலைமைப் பாடகரான அண்ணாவி மேலேயே இருக்கும். வீடியோ எடுப்பவர்களும் அவரைத்தான் எடுப்பார்கள். ஆனால் படிக்க வேண்டிய இடம் ‘இடத்தே’ பாடுகிறவர்கள், அதாவது பின்பாட்டுக்காரர்கள், பக்கம். அண்ணாவி விட்ட அடியை வாங்கிப் பாடுவது, கதை கேட்டு ‘ஆமா’ போடுவது, ஜால்ரா தட்டுவது எல்லாம் அங்கேதான். குடம் அடிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வைக்கோல் புரிமணையில் குடம் இருக்கும், அதை வில்லோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒரு கையில் இருக்கும் பத்தி என்ற மட்டை குடத்தின் வாயில் விழும்போது அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஒரு ‘கும்’ எழும். மற்ற கையில் ஒரு காசு, குடத்தின் பக்கத்தில் பொடிப்பொடியாகத் தாளம் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் காதில் பிரிந்து கேட்கும் வரை வீசுகோலைத் தொடாமல் இருப்பது நல்லது. அவசரப்பட்டுத் தொட்டவர்கள் நாணை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். வில்லில் கட்டிய மணிகளின் சத்தத்தில் அவர்கள் பாடுகிற சொல்லே அமுங்கிப் போகும்.

குரல் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒன்பது மணிக்கு எடுக்கும் சுருதி ராத்திரி இரண்டு மணிக்கும் எட்டுகிற சுருதியாக இருக்க வேண்டும். விருத்தத்தையும் தாளத்துக்குள் அடைக்காதீர்கள், அது விரிந்து போக வேண்டியது.

இனி சொல்லப்போவதுதான் பெரிய தவறு. மேடையில் நன்றாகப் பாடுகிறவர்களும் கோவிலில் தோற்றுப்போவது இங்கேதான். கோவில் கொடையில் நேரம் நம்முடையது இல்லை, சாமியுடையது. சுடலைமாடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கைலாயத்தில் பிறப்பு, அப்புறம் பூமிக்கு வருவது, மலையாளக் கரைக்குப் போய் மந்திரவாதி காளிப்புலையனோடு மோதுவது என்று கதை போகும். புதிதாகப் படித்தவர் கைலாயத்தில் சுகமாக இரண்டு மணி நேரம் பாடிக்கொண்டிருப்பார். நள்ளிரவுச் சாமக்கொடைக்குப் பூசை மணி அடிக்கும், சாமி வந்து ஆடும் சாமியாடி வந்து நிற்பார், பாட்டு இன்னும் கைலாயத்திலேயே இருக்கும். சனம் முணுமுணுக்கும். அது நியாயம்தான். உக்கிரமான கட்டம் பூசைக்கும் சாமி வருவதற்கும் ஒத்து வர வேண்டும் என்பதற்காகத்தான் வில்லையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதனால் கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும், எந்த அடியோடு நிறுத்தினால் கதை அறுந்து போகாது, எந்த வசனத்தை நீட்டினால் அரைமணி தாங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமே பூசாரியிடமும் நிர்வாகிகளிடமும் எந்தெந்தச் சாமிக்கு எத்தனை மணிக்குப் பூசை என்று கேட்டுவிடுங்கள். பாடும்போது கண் நோட்டுப் புத்தகத்தில் இருக்கக் கூடாது, சாமியாடி மேல் இருக்க வேண்டும். அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியதும் பாட்டின் வேகம் ஏற வேண்டும். நையாண்டி மேளம் எடுத்துக்கொள்ளும்போது தயங்காமல் விட்டுக்கொடுங்கள். பிறகு விட்ட அடியிலிருந்தே தொடருங்கள்.

எல்லாக் கதையையும் எல்லாக் கோவிலிலும் பாடிவிடவும் முடியாது. வெட்டுப்பட்டுச் செத்துச் சாமியான வாதைகளின் கதை என்றால் வெட்டுப்பட்டவர் யார், வெட்டியவர் யார் என்று சாதியும் வீடும் உள்ளே வரும். ஊரில் பெரியவர்களிடம் கேட்காமல் தொடக் கூடாது. அதே சமயம், பாட அனுமதி கிடைத்த பிறகு சங்கடமான இடங்களை மழுப்பிப் பாடுவதும் தவறு என்றே நான் நினைக்கிறேன். முத்துப்பட்டன் கதையில் பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து அவர்கள் தொழிலையும் ஏற்றுக்கொள்கிறான். அதை மறைத்துவிட்டால் பிறகு பாட என்ன இருக்கிறது?

பேச்சைத் திருத்துவதும் வேண்டாம். முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த மண் இது. திருவிதாங்கூர் படைத்தலைவன் இரவிக்குட்டிப்பிள்ளையின் போர்க் கதை போன்றவற்றில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். புத்தகத் தமிழுக்கு மாற்றினால் எதுகை போகும், மெட்டும் உடையும். இரவிக்குட்டிப்பிள்ளை கதையில் போர் நடக்கும் கணியாகுளம் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாடுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.