கழன்ற குழாயைத் திரும்பச் செருகாதீர்கள்

பக்கவாதத்துக்குப் பின் அம்மாவால் விழுங்க முடியாமல் போகவே, வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் நேரே உணவு செலுத்தும் பெக் ட்யூப் பொருத்தினார்கள். பதினெட்டாம் நாள் தக்கலை வீட்டில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது, குழாய் என் முழங்கையில் மாட்டி வெளியே வந்துவிட்டது. துளை கண்ணெதிரே இருக்கிறது, குழாய் கையில் இருக்கிறது. கழுவி உள்ளே விட்டால் ஆயிற்று என்றுதான் தோன்றியது. நல்ல வேளை, கை நடுங்கியதால் விடவில்லை.

தோலுக்கும் இரைப்பைக்கும் நடுவிலுள்ள அந்த வழி உறுதிப்பட 4 முதல் 6 வாரம் ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். அதற்கு முன் குழாய் கழன்றால் இரைப்பை வயிற்றுச் சுவரை விட்டு விலகிவிடக்கூடும். நாம் செருகுவது இரைப்பைக்குள் போகாமல் வெளியே வயிற்றறையில் போய் நிற்கும். அதில் கஞ்சித் தெளிவை ஊற்றினால் உள்ளே கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகும். அம்மாவுக்கு இரண்டு வாரம் மூக்கு வழியாக உணவு கொடுத்த பிறகே மறுபடி துளையிட்டார்கள்.

பழைய துளைதானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது இதற்கு நேர் எதிரான தவறு. ஆறிய துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஒரு நாளில் மூடியே விடலாம். சுத்தமான துணியால் மூடி, எதையும் ஊற்றாமல், கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அதன் அளவு அதிலேயே அச்சிட்டிருக்கும். திருவனந்தபுரத்தில் பொருத்தியிருந்தால் அங்கே போன் செய்து, அருகில் எங்கே போகலாம் என்று கேளுங்கள். புதுக் குழாய் இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று டாக்டர் உறுதிசெய்யும் வரை உணவு வேண்டாம்.

குழாய் உள்நோக்கியும் நகரும். தோலுக்கு மேல் குழாயைப் பிடித்திருக்கும் வெளித்தட்டு தளர்ந்தால், உள்நுனியிலுள்ள பலூன் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலை அடைத்துவிடும். வாந்தி வரும், வெளியே தெரியும் குழாயின் நீளம் குறையும். தோலருகே எந்த எண் தெரிகிறது என்று தினமும் பாருங்கள். இதற்குப் பயந்து தட்டை இறுக்கிவிடவும் கூடாது. சில குழாய்களில் பலூனுக்குப் பதில் இருக்கும் உள்தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோகும். தோலுக்கும் வெளித்தட்டுக்கும் நடுவில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். ஆண்கள் சாரத்தை (லுங்கியை) ஏற்றிக் கட்டும்போது மடிப்பில் குழாய் சிக்காமல் பார்க்க வேண்டும்.

அடைப்பைத் திறந்து வைக்கப் பித்தக்குழாயில் வைக்கும் சிறு குழாயான பிளாஸ்டிக் ஸ்டென்ட்டில் நடப்பது மறதி. வழக்கமாக 3 மாதத்தில் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போனதும் தேதியும் போய்விடுகிறது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகில் போனால் கரை திரும்பவே ஒரு மாதத்துக்கு மேலாகும். வளைகுடாவுக்குப் போனவருக்கு அடுத்த விடுப்பில்தான் நினைவு வரும். நாள்பட்ட ஸ்டென்ட் அடைபடும், சில நேரம் நழுவும். நழுவியது பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அரிதாகக் குடலைத் துளைக்கும். நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் கண், வலப்பக்க மேல்வயிற்று வலி வந்தால் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே மருத்துவமனை. ஸ்டென்ட்டை எடுக்க வேண்டிய தேதி உள்ள மருத்துவமனைச் சீட்டைப் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வைக்கும் ஸ்டென்ட், சிகிச்சையில் கட்டி சுருங்கியதும் பிடிமானம் இழந்து இரைப்பைக்குள் இறங்கக்கூடும். சரியாகிவந்த விழுங்கல் திடீரென்று மறுபடி சிரமமாவது ஓர் அடையாளம். அப்போது நம்மூரில் மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையையோ ஏத்தன் (நேந்திரன்) பழத்தையோ விழுங்கித் தள்ளப் பார்க்கிறார்கள். முள்ளுக்கே அது சரியான வைத்தியமில்லை.