பால்டர்ஸ் கேட் 3: கிளாஸ் கலப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செந்தூல் பக்கம் மாமாக் கடைகளில் தே தாரிக்கோடு உட்கார்ந்து பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமைப் பற்றிப் பேசும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது, "அண்ணே, எந்தக் கிளாஸோடு எதைக் கலந்தால் பலம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: அதற்காக எதை இழக்கத் தயார்? கிளாஸ் என்பது நம் பாத்திரத்தின் தொழில்; பைட்டர் என்றால் வீரர், விசார்ட் என்றால் மந்திரவாதி. ஒரு பாத்திரத்துக்கு மொத்தமே 12 லெவல்; அதை ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸுக்குப் பிரிப்பதுதான் கலப்பது. வேறு கிளாஸுக்குப் போகும் ஒவ்வொரு லெவலும் முதல் கிளாஸின் கணக்கில் குறையும்.

இருப்பதில் பெரிய தவறு, 5ஆம் லெவலுக்கு முன்பே பிரிப்பது. பைட்டர், பாலடின், ரேஞ்சர், பார்பேரியன், மாங்க் என்ற சண்டைக்கார கிளாஸ்கள் எல்லாவற்றுக்கும் தங்கள் முறை வரும்போது இரண்டு தடவை தாக்கும் திறன் அந்தக் கிளாஸின் 5ஆம் லெவலில்தான் வருகிறது. விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரம் வருவதும் அங்கேதான். பாலடின் 3, விசார்ட் 2 என்று பிரித்தவரைப் பாருங்கள். பக்கத்தில் முழு பைட்டரான குழுத் தோழி லேஸெல் இரண்டு முறை வெட்டுகிறாள். இவர் ஒரு தடவை வீசுகிறார். குறி தப்பினால் அந்தச் சுற்றே வீண். மந்திரம் போடலாம் என்றாலோ பாலடினுக்குக் கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) வேண்டும், விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு) வேண்டும். பாலடின் கலப்பதாக இருந்தால், கரிஸ்மாவையே நம்பும் சோர்சரர், பார்ட், வார்லாக் பக்கம் போங்கள்.

பைட்டர் 5, ரேஞ்சர் 5 என்று ஏற்றினால் மூன்றாவது அடி கிடைக்கும் என்று நம்புவோரும் உண்டு. கிடைக்காது; அதற்குப் பைட்டர் 11 வேண்டும். பார்பேரியனோடு விசார்டைச் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். பார்பேரியனின் வெறிநிலையான ரேஜ் நடக்கும்போது மந்திரமே போட முடியாது.

பலர் கவனிக்காதது ஃபீட், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் கூடுதல் சிறப்புத் திறன். அது ஒவ்வொரு கிளாஸின் 4, 8, 12ஆம் லெவலில் வருவது. மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை. நான்கு கிளாஸில் மும்மூன்று லெவல் எடுத்தால், 12ஐத் தொட்ட பிறகும் கையில் ஒரு ஃபீட் இருக்காது. இவ்வளவு உழைத்து ஏறியவருக்கு அது பெரிய அநியாயம்.

வரிசையும் முக்கியம். பைட்டராகத் தொடங்கி விசார்டுக்குப் போனால் கனமான கவசம் அணியும் தேர்ச்சியும், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோவில், அதாவது பாதிப்பைத் தாங்கப் போடும் பகடையில், தேர்ச்சியும் கிடைக்கும். அடி வாங்கினாலும், போட்ட மந்திரத்தைத் தொடர வைக்கும் கான்சென்ட்ரேஷன் எளிதில் கலையாது. விசார்டாகத் தொடங்கிப் பிறகு பைட்டரைச் சேர்த்தால் அந்த இரண்டும் வராது.

ஏற்கெனவே தவறாகப் பிரித்துவிட்டீர்களா? முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைலைத் தேட வேண்டாம். முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் முதல் கிளாஸிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.