‘12 வோல்ட் வருதே!’ – வீட்டு இண்டர்காமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வீடியோ இண்டர்காம் மாட்டிக்கொண்டிருந்தான். நான் போனபோது கேட் தூணில் இருந்த வெளிப் பேனலை, அதாவது மணிப் பொத்தானும் கேமராவும் இருக்கும் பெட்டியை, மூன்றாவது தடவையாகக் கழற்றிக்கொண்டிருந்தான். உதட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியபடியே, “மணி அடிக்குது, முகம் தெரியுது, பேசுறதும் கேக்குது. பூட்டு மட்டும் திறக்க மாட்டேங்குதுண்ணா. பேனல்தான் போச்சு போல” என்றான்.

பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்புறம் எத்தனையோ வீடுகளில் இண்டர்காம் மாட்டியாகிவிட்டது, கழற்றியாகிவிட்டது. புதிதாகக் கை வைப்பவர்கள் எல்லோரும் நான் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய், பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாததுதான் இங்கே.

மல்டிமீட்டர் சொன்னதை அப்படியே நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் வீட்டில் கேட்டுக்கும் உள்ளே மானிட்டர் (படம் தெரியும் திரை) இருக்கும் சுவருக்கும் இடையில் வயர் ஓடும் தூரம் 30 மீட்டர். நடுவில் ஒரு மெல்லிய கேபிள், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வயரும் அரை மில்லிமீட்டர் கனம். அதிலேயே பேனலுக்கும் பவர், பூட்டுக்கும் பவர். திறக்கும் பொத்தானை அழுத்தினால் பூட்டில் ‘டிக்’ என்று சோம்பலாக ஒரு சத்தம் வரும், திரையில் படம் ஒரு நொடி காணாமல் போய் மறுபடி வரும், கேட் அப்படியே இருக்கும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டுக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி அளந்தேன். 12 வோல்ட், கச்சிதமாக. அப்படியென்றால் பூட்டுதான் கெட்டது என்று முடிவு கட்டினேன். புதுப் பூட்டு மாட்டினேன், அதே ‘டிக்’. பேனலை மாற்றினேன், அதே ‘டிக்’. 2 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் அடாப்டர் போட்டேன். ‘டிக்’.

வயரைக் கழற்றி அளந்ததுதான் தவறு. மல்டிமீட்டர் கரண்டை இழுக்கவே இழுக்காது என்று சொல்லலாம், அவ்வளவு சொற்பம். குழாயை மூடி வைத்துக்கொண்டு அழுத்தம் பார்த்தால் மேல்தொட்டி நிறைந்திருப்பது மட்டும்தான் தெரியும், திறந்தால் தண்ணீர் சொட்டுகிறதா கொட்டுகிறதா என்பது தெரியாது. கரண்ட் ஓடினால்தான் வயர் தன் பங்கைத் தின்னும்.

கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.09 ஓம் தடை கொடுக்கும். 30 மீட்டர் என்றால் போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். இந்த ‘வர’ என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆக வயருக்கு மட்டும் ஐந்து ஓமுக்கு மேல் ஆகிறது. 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் கேட்கும் பூட்டின் காயிலில், அதாவது உள்ளே இருக்கும் வயர்ச் சுருளில், 12 ஓம். இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதால் பூட்டுக்கு மிஞ்சுவது எட்டு வோல்ட் சொச்சம்தான். வயர் பெரிய அடாப்டருக்கெல்லாம் மசியாது. 5 ஆம்பியர் என்ன, 50 ஆம்பியர் அடாப்டர் போட்டாலும் பூட்டுக்கு அதே எட்டு வோல்ட்தான் போகும். இதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தால் பூட்டுக்குப் பதினொன்றேகால் வோல்ட் பக்கம் கிடைத்திருக்கும்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பூட்டும் ஒரு பேனலும் தண்டம் என்று போயிருக்கும். நான்தான் புத்திசாலி ஆயிற்றே. வழியில் நாலு வோல்ட் தொலைகிறதா, சரி, 18 வோல்ட் அடாப்டர் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று போட்டேன். பூட்டு ‘டடக்’ என்று அழகாகத் திறந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு நாலைந்து தடவை திறந்து காட்டினேன். பூட்டு கரண்ட் இழுக்கும் அந்த இரண்டு மூன்று நொடிதான் கேட் பக்கத்தில் 12 வோல்ட் இருக்கிறது, மீதி நாள் முழுக்கப் பேனலின் தலையில் கிட்டத்தட்ட 18 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது என்பது உறைக்கவே இல்லை. பத்து நாளில் பேனலிலிருந்து கருகல் வாடை. புதிதாக வாங்கிய இரண்டாவது பேனல் அது.

அதனால், பூட்டு இழுக்கவில்லையென்றால் வயரைக் கழற்றாமல், பூட்டு மாட்டியிருக்கும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவரைத் திறக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். அந்த நொடியில் முள்ளோ எண்ணோ எங்கே விழுகிறது என்பதுதான் உண்மையான வோல்டேஜ். பதினொன்றுக்கு மேல் நின்றால் பூட்டைச் சந்தேகப்படலாம். எட்டுக்கு விழுந்தால் பெரும்பாலும் வயர்தான்.

வயர் என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பூட்டுக்கு மட்டும் தனியாகத் தடிமனான இரண்டு வயர் இழுப்பதுதான் சரியான வழி. பைப்பில் இடமில்லை, சுவரை இனி உடைக்க முடியாது என்றால், கேபிளில் சும்மா கிடக்கும் வயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கிக் கொடுங்கள், தடை பாதியாகும். அதுவும் போதாதென்றால் பூட்டின் அடாப்டரைக் கேட் பக்கத்திலேயே மழை படாத பெட்டிக்குள் வைத்துவிட்டு, மெல்லிய வயரில் ரிலேவை (சின்ன சிக்னலில் இயங்கும் சுவிட்ச்) தட்டும் சிக்னலை மட்டும் அனுப்பலாம். தடிமனான வயர் என்று வாங்கியதையும் பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி மின்னினால் அது செம்புப் பூச்சு அடித்த அலுமினியம், தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

மேசையில் ஓட்டிப் பார்க்காமல் சுவரில் மாட்டுவது

பெட்டியைப் பிரித்ததும் பேனல், மானிட்டர், அடாப்டர், பூட்டு நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, ஒரு மீட்டர் வயரில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இங்கே ஓடியது சுவரில் ஓடவில்லையென்றால் குற்றவாளி வயர் அல்லது ஜாயிண்ட், வேறு யாரும் இல்லை. பழைய இண்டர்காம் மக்கர் செய்யும்போதும் இதேதான். பேனலைக் கழற்றி உள்ளே எடுத்துவந்து மானிட்டர் பக்கத்திலேயே குட்டை வயரில் இணைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். இதைச் செய்யாமல் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு விஷயம்: மேசையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் ‘கீ...’ என்று காது கிழிய ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால் வருவது, பழுதில்லை. பேனலை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினால் நின்றுவிடும். மாட்டிய பிறகும் ஊளையிட்டால் மட்டும் வால்யூமைக் குறையுங்கள்.

மெயின் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைப்பது

பைப் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று எல்லோருக்கும் தோன்றும். பேசும்போதெல்லாம் பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது மெயின் வயரின் கொடை. திரையில் மெதுவாக மேலே ஏறும் கோடுகளும் பல நேரம் அதன் வேலைதான். ரீங்காரத்தைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே எங்காவது உறை கிழிந்தால் மெயின் கரண்ட் நேராகக் கேட்டில் இருக்கும் பொத்தானுக்கு வந்துவிடும் என்பது. அதை விரலால் அழுத்தப்போவது வீட்டுக்கு வரும் யாரோ ஒருவர். தனிப் பைப் போடுங்கள், பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஓரடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க விடுங்கள். கவசம் சுற்றிய கேபிள் என்றால் கவசத்தை மானிட்டர் பக்கம் மட்டும் இணைத்தால் போதும். இரண்டு முனையிலும் இணைத்து ரீங்காரத்தை இன்னும் கூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பைப்புக்குள் ஜாயிண்ட்

வேண்டாம். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் பைப்புக்குள் ஈரத்தில் பச்சை பூத்துக் கிடக்கும், உங்களால் அதைப் பார்க்கக்கூட முடியாது.

பேனலைச் சுற்றி நாலு பக்கமும் சிலிகான் பூசுவது

மழைக்குப் பயந்து நான் ஒரு பேனலை நாலு ஓரமும் பூசி அடைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கேமராவில் எல்லோரும் பனிமூட்டத்தில் நிற்பது மாதிரி தெரிந்தார்கள். கழற்றினால் உள்ளே கண்ணாடியில் வரிசையாக நீர்த்துளி, அடியில் தேங்கிய தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவு, டெர்மினல் ஸ்க்ரூ எல்லாம் பச்சை. எவ்வளவு அடைத்தாலும் சுவருக்குள் இருந்தும் பைப் வழியாகவும் ஈரம் வந்தே தீரும். வந்தது போக வழி வேண்டும். மேலேயும் இரண்டு பக்கமும் பூசுங்கள், அடியை விட்டுவிடுங்கள். பைப் வாயை மட்டும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டைத் தேடி எறும்பு குடிவந்து பொத்தானுக்கு அடியில் முட்டை வைத்துவிடும். ‘மணி தானாக அடிக்கிறது’ என்று பயந்துபோய்க் கூப்பிட்ட ஒரு வீட்டில் எறும்புதான் அடித்துக்கொண்டிருந்தது.

பூட்டின் வயரை வெளிப் பேனலிலிருந்து எடுப்பது

பேனலுக்குப் பின்னால் பூட்டுக்கென்றே இரண்டு டெர்மினல் இருக்கிறது, பக்கத்திலேயே பூட்டும் இருக்கிறது, இழுத்து மாட்டுவது சுலபம். யாராவது ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்து பேனலைக் கழற்றி அந்த இரண்டு வயரையும் தொடவைத்தால் கேட் திறப்பதும் அதே அளவு சுலபம். ரிலே வீட்டுக்குள் இருக்கட்டும். உங்கள் மாடலில் ரிலே பேனலில் மட்டும்தான் என்றால் உள்ளே வைக்கும் தனி ரிலே பெட்டியை அதற்குத் தோதாகப் பார்த்து வாங்குங்கள்.

டையோடு இல்லாத பூட்டு

டிசி பூட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பொருளான 1என்4007 டையோடு ஒன்றை மாட்டுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். காயிலில் கரண்ட் நிற்கும் நொடியில் கிளம்பும் எதிர் வோல்டேஜ் அடியை அது தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ரிலேயின் முனைகள் கருகிக்கொண்டே போய் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், கேட் திறந்தே கிடக்கும். ஏசி பூட்டுக்கு இது கூடாது.

இரண்டாவது மானிட்டர்

இன்னொரு மானிட்டர் சேர்த்தால், அது எத்தனையாவது மானிட்டர் என்று சொல்லும் எண் சுவிட்சை மாற்றுங்கள். வயர் இத்தோடு முடிகிறது என்று சொல்லும் முடிவு சுவிட்ச் இருந்தால் அதைக் கடைசி மானிட்டரில் மட்டும் போடுங்கள்.

வயரே வேண்டாம், வைஃபை போதும் என்பது

வாங்குவதற்கு முன் கேட்டைச் சாத்திவிட்டு அதன் வெளியே நின்று வீட்டு வைஃபையில் போனில் ஒரு வீடியோ ஓடுகிறதா பாருங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பேனலை மறுபடி மாட்டச் சொன்னேன். மீட்டரைப் பூட்டில் வைத்தேன், அவனை உள்ளே போய் அழுத்தச் சொன்னேன். 12.1 என்று நின்றது 8.1க்கு விழுந்தது. நம்பாமல் அவனே மீட்டரைப் பிடித்துக்கொண்டு என்னை அழுத்த அனுப்பினான். நல்லவேளையாக எட்டு வயர் கேபிள் இழுத்திருந்தான், பேனல் நான்கைத்தான் எடுத்திருந்தது. மீதி நான்கை இரண்டிரண்டாக முறுக்கிப் பூட்டுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தோம். மீட்டர் 9.8 காட்டியது, பூட்டு ‘டடக்’ என்றது, படமும் மறையவில்லை.

அவன் அடாப்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ இதுக்குப் பதிலா 18 வோல்ட் போட்டா இன்னும் நல்லா இழுக்குமாண்ணா?” என்றான்.

அடாப்டரை வாங்கி என் பக்கமாக வைத்துக்கொண்டேன்.