மெம்ஃபிஸில் ஒரு மாலை: டாம் லீ ஆற்றங்கரைப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிஸுக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த வீட்டையும் பீல் தெருவையும் பார்க்கச் சொல்லி அனுப்பிவைப்பார்கள். அந்த ஊரை ஒட்டி மிசிசிப்பி ஓடுகிறது என்பது யார் வாயிலும் வருவதில்லை. முதல் தடவை நானும் பகலெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு, பீல் தெருவில் இரண்டு கிளப்புகளில் பாட்டுக் கேட்டேன். அதே தெரு மேற்கே இறங்கி ஆற்றில் போய் முடிகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நடந்து போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. எனக்குக் கிடைத்தது ஒரு கருப்புப் பரப்பும் தொலைவில் இரண்டு விளக்குகளும்தான். அடுத்த தடவை வரிசையை மாற்றினேன்: முதலில் ஆறு, பிறகு பாட்டு. கீழே இருப்பது அந்த வரிசை.

1. சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

டாம் லீ பூங்கா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை ஆர்கன்சா மாநிலம். மரங்களும் வயலுமாகக் கிடக்கும் தாழ்நிலம். அதனால் சூரியன் எந்தக் கட்டடத்துக்குப் பின்னாலும் ஒளியாமல் தண்ணீருக்கு மேலேயே இறங்குகிறது. ஜூன் கடைசியில் அது இரவு 8.15 தாண்டித்தான் மறையும். டிசம்பரில் மாலை 5 மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் போகும் நாளின் நேரத்தைக் கைபேசியில் பார்த்து, அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அதுதான் பூங்காவில் கால் வைக்க வேண்டிய நேரம்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு மணி நேரம் போதும். வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து ஆளை வதக்கிவிடும். இங்கே நட்டிருக்கும் மரங்களும் இன்னும் இளசு. பெரிய நிழலை எதிர்பார்க்காதீர்கள்.

2. ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இரண்டு நிமிட வேலை. மெம்ஃபிஸில் மிசிசிப்பியின் நீர்மட்டத்தை அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. 'மைனஸ் 5 அடி' என்று இருந்தால் ஆறு வற்றிவிட்டது என்று பொருளில்லை. பூஜ்யம் என்பது அளவுகோலில் எப்போதோ குறித்துவைத்த ஒரு கோடு, அவ்வளவுதான். ஆற்றின் அடித்தரை அதற்கும் வெகு கீழே இருக்கிறது.

2011 மே மாத வெள்ளத்தில் இந்த அளவுகோல் 48 அடியைத் தொட்டது. 2023 அக்டோபரில் மைனஸ் 12 அடிக்கு இறங்கியது. ஒரே கரையில் 60 அடி ஏற்ற இறக்கம். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். இந்த ஊர்க்காரர்கள் ஆற்றையே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

வசந்த காலத்தில் போனால் நிறைந்து புரளும் பழுப்பு வெள்ளமும் அதில் மிதந்துவரும் முழு மரங்களும் தெரியும். இலையுதிர் காலத்தில் மணல் திட்டுகள் வெளியே வந்திருக்கும். எனக்கு நிறைந்த ஆறுதான் பிடிக்கும். சாந்தமான படம் வேண்டுமென்றால் அக்டோபர் நல்லது.

3. பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர், தொப்பி, கொசு விரட்டும் களிம்பு. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் சில; எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். இரவில் கிளப்புக்குள் போக வயதைக் காட்டும் அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்லுங்கள்.

4. மேட்டிலிருந்து இறங்குங்கள்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மே மாதம் பெரிய இசை விழாக்களின் காலம். அப்படி விழா நடக்கும் நாட்களில் வேலி போட்டு டிக்கெட் வைத்துவிடுவார்கள். அந்த மாதம் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து ஆட்டம் உள்ள மாலைகளில் பீல் தெருவைச் சுற்றி கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேலே எங்காவது நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

பீல் தெருவில் நின்று மேற்கே நடந்தால் தரை மெல்லச் சரிவதைக் கால்கள் உணரும். மெம்ஃபிஸ் நகரம் ஓர் உயர்ந்த மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சிக்கசா என்ற பழங்குடி மக்களின் பெயரால் அதைச் சிக்கசா மேடு என்கிறார்கள். ஆறு எவ்வளவு பொங்கினாலும் நகரின் நடுப்பகுதி தப்பிப்பது இந்த உயரத்தால்தான். நகரம் மேலே, பூங்கா கீழே, நடுவில் ரிவர்சைடு டிரைவ் சாலை. சாலையைச் சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடக்கவும். சக்கர நாற்காலியிலோ குழந்தையின் தள்ளுவண்டியோடோ வருகிறவர்களுக்கு, படிகளே இல்லாமல் மேட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சாய்தளம் ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

5. டாம் லீ யார் என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் மற்றதெல்லாம் வெறும் புல்வெளி.

1925 மே 8. மெம்ஃபிஸில் மாநாட்டுக்கு வந்திருந்த பொறியாளர்களும் குடும்பத்தினரும் எம்.ஈ. நார்மன் என்ற நீராவிப் படகில் ஆற்றுலா போனார்கள். ஊருக்குத் தெற்கே ஆற்றின் நடுவில் அந்தப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. தன் முதலாளியை ஹெலீனா என்ற ஊரில் இறக்கிவிட்டு, 'ஜெவ்' என்ற சிறிய மோட்டார் படகில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார் டாம் லீ என்ற கறுப்பினத் தொழிலாளி. அவர் படகைத் திருப்பினார். நீரில் தத்தளித்தவர்களை ஏற்றிக் கரையில் விட்டார், மறுபடி போனார், மறுபடியும் போனார். காப்பாற்றியது 32 பேரை. இறந்தவர்கள் 23 பேர். டாம் லீக்கு நீச்சல் தெரியாது.

அதிபர் கூலிட்ஜ் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பார்த்தார். பொறியாளர்கள் பணம் திரட்டி ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். நகராட்சி வேலை கொடுத்தது: துப்புரவுத் துறையில். அதே துறையின் கறுப்பினத் தொழிலாளர்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் அவர்களுக்குத் துணையாக மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்தார்; ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் மோட்டலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மோட்டல் இன்று தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். பூங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குங்கள். இந்த மாலையில் திணிக்காதீர்கள்.

பூங்காவில் டாம் லீக்கு மூன்று நினைவுச் சின்னங்கள். முதலாவது 1954இல் நிறுத்திய கூர்நுனிக் கல்தூண். அதில் அவரை 'மிகவும் தகுதி வாய்ந்த நீக்ரோ' என்று பொறித்திருக்கிறார்கள். பாராட்டுவதாக நினைத்து எழுதியதுதான். அதைப் படித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். 2006இல் வைத்த வெண்கலச் சிற்பத்தில் டாம் லீ படகின் விளிம்பைத் தாண்டிக் குனிந்து, தண்ணீரில் கிடப்பவனை நோக்கிக் கையை நீட்டுகிறார். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அங்கிருந்துதான் சரியாகத் தெரிகிறது.

6. கல்லில் உட்காருங்கள்

மூன்றாவது சின்னத்தைச் செய்தவர் சிகாகோ கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ். கரிய பசால்ட் பாறையில் செதுக்கிய 33 இருக்கைச் சிற்பங்கள்: காப்பாற்றப்பட்ட 32 பேருக்கும் டாம் லீக்கும். பொருள் பார்த்தால் 'செவிமடுத்தலுக்கு ஒரு நினைவுச்சின்னம்' என்று பெயர். பாட்டுக்குப் பேர்போன ஊரில் கேட்பதற்கென்று ஒரு சின்னம் இருப்பதும், அங்கே எந்தப் பாட்டும் ஒலிக்காததும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் ரிவர்சைடு டிரைவின் கார்கள்தான் கேட்கும். நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் அவை பின்னால் போய்விடும். ஆற்றின் நடுவிலிருந்து, காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி ஓர் உறுமல் வரும். அது சரக்குப் படகின் எஞ்சின். தெற்கே பாலத்தின் மேல் ரயில் ஊதும். கோடையானால் சிள்வண்டுகள் ஒன்றாய்த் தொடங்கி ஒன்றாய் நிறுத்தும். இரவு பீல் தெருவில் ஹார்மோனிகாக்காரர் ஒருவர் நீளமாக ஊதியபோது, மாலையில் கேட்ட ரயில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

7. ஆற்றைப் பார்க்கும் முறை

குழந்தைகள் கூட இருந்தால் விளையாட்டுத் திடலிலும் பெரிய மரக்கூரைப் பந்தலிலும் நேரம் போய்விடும். ஸ்டுடியோ கேங், ஸ்கேப் என்ற இரண்டு வடிவமைப்பு நிறுவனங்கள் மாற்றியமைத்து, 2023 செப்டம்பரில் திறந்த பகுதிகள் இவை. அதற்கு முன்பு இது கிட்டத்தட்ட வெறும் பொட்டல்.

பிறகு கரையோரம் வாருங்கள். மேற்கு பார்த்து நின்றால் ஆறு வலமிருந்து இடமாக ஓடும். சரக்குப் படகுக்கு 'இழுவைப் படகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது எதையும் இழுப்பதில்லை. வரிசை வரிசையாகக் கட்டிய சரக்குத் தெப்பங்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒரு தெப்பம் 195 அடி நீளம், 1,500 டன் சுமக்கும். எண்ணிப் பாருங்கள்: அகலத்தில் எத்தனை, நீளத்தில் எத்தனை. நான் எண்ணிய ஒன்றில் ஐந்துக்கு ஆறு, மொத்தம் 30. நீரோட்டத்தை எதிர்த்து வரும் படகு என்றால் எண்ண வேண்டிய அளவு நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு பாலத்தூணைக் குறியாக வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது நகர்வதே தெரியும்.

தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், கணுக்கால் வரைக்கும்கூட வேண்டாம். மேலே சோம்பலாகத் தெரியும் இந்த ஆற்றுக்கு அடியில் இழுப்பு அதிகம். பக்கத்திலேயே ஆற்றோடு சேரும் உல்ஃப் ரிவர் துறைமுகக் கால்வாயில் 1997 மே 29 அன்று மாலை நீந்தப் போன பாடகர் ஜெஃப் பக்லி உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு 30 வயது.

8. சூரியன் மறைந்த பிறகும் இருபது நிமிடம் இருங்கள்

பெரும்பாலோர் சூரியன் முழுகியதும் எழுந்துவிடுகிறார்கள். வானம் செம்மையாவது அதற்குப் பிறகுதான். இருட்டியதும் வடக்கே ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்திலும் தெற்கே ஹராஹன் பாலத்திலும் வண்ண விளக்குகள் எரியும். வடக்குப் பாலத்தின் இரட்டை வளைவு ஆங்கில எம் எழுத்துப் போலவே இருக்கும், ஊரின் முதலெழுத்து.

ஹராஹன் பாலம் 1916இல் ரயிலுக்காகத் திறந்தது. அதன் பக்கவாட்டில் முன்பு கார்கள் போன தடத்தை 2016இல் நடைபாதையாக்கினார்கள். நடந்தே டென்னசியிலிருந்து ஆர்கன்சாவுக்குப் போகலாம். நுழைவாயில் பூங்காவுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. போக ஒரு மைல், வர ஒரு மைல். சரக்கு ரயில் பக்கத்தில் கடக்கும்போது காலடியில் பாலம் அதிரும். முதல் வருகையில் இதைச் சேர்க்க வேண்டாம். மறுநாள் காலை வைத்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது பீல் தெரு

இறங்கிய வழியே ஏறுங்கள். 1977இல் அமெரிக்க நாடாளுமன்றம் 'ப்ளூஸ் இசையின் இல்லம்' என்று அறிவித்த தெரு. ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் சிலை நிற்கும் சிறு பூங்காவும் இங்கேதான். ரைலி கிங் என்ற இளைஞர் இந்த ஊரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் அறிவிப்பாளராக இருந்தபோது அவரை 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' என்று அழைத்தார்கள். அது சுருங்கிச் சுருங்கி பி.பி. கிங் ஆனது.

முதல் கிளப்புக்குள் பாய்ந்துவிடாதீர்கள். தெருவை ஒரு முறை முழுக்க நடந்து, ஒவ்வொரு வாசலிலும் அரை நிமிடம் நின்று கேளுங்கள். எந்த இசைக்குழு உங்களை நிறுத்துகிறதோ அங்கே நுழையுங்கள். சாப்பாடு என்றால் இந்த ஊரில் பன்றி விலா பார்பிக்யூ. சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்தில் வைக்கும் அவரைக்கொட்டைக் கறியில்கூட இறைச்சி கலந்திருப்பது சகஜம், கேட்டுவிட்டு வாங்குங்கள். மெனுவில் போட்டிருக்கும் விலையோடு 9.75 சதவீத விற்பனை வரி சேரும், அதற்கு மேல் பரிமாறுகிறவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ்.

பையில் வைக்கச் சொன்ன நோட்டுகள் இப்போது வேண்டும். இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் மேடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளி இறங்கி மேசை மேசையாக வரும். பாடுகிறவர்களில் பலருக்கு அன்றைய கூலியில் பெரும்பங்கு அதுதான். வாளி உங்களிடம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாட்டுப் பிடித்திருந்தால் எழுந்து போய் மேடையோரம் போட்டுவிட்டு வாருங்கள். கிதார்க்காரர் வாசிப்பை நிறுத்தாமலே தலையை ஆட்டுவார்.