8,000 டாலர் போன வழி: ஒரு பழைய படத்தைக் கணக்கு ஏட்டோடு பார்க்கும் முறை

நாணயமான அப்பா. அவர் பொறுப்பில் இருந்த பணம் காணாமல் போகிறது. வெளியே பிடிவாரண்ட், வீட்டுக்குள் ஒன்றும் அறியாத பிள்ளைகள். இந்தக் கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறார்கள், பணத்திலிருந்து தொடங்குவதில்லை. அதனால் பாதிக் கதையில், எவ்வளவு போனது, யார் எடுத்தார்கள், இவர் ஏன் மாட்டிக்கொண்டார் என்று பார்ப்பவருக்குக் குழம்பிவிடுகிறது. குழம்பியவர் அழமாட்டார்.

இதைப் பிசகில்லாமல் செய்த ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் சுருக்கு வழி. ஃபிராங்க் காப்ரா இயக்கி, 1946 டிசம்பரில் நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்ட ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ அதற்குத் தோதான படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான் அப்பா, ஜார்ஜ் பெய்லி. தேவதை வரும் கிறிஸ்துமஸ் படம் என்றே பலருக்கும் நினைவு. தேவதையைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்காருங்கள். காட்சிக்குக் காட்சி தொகை பேசும் படம் அது.

முதலில் நல்ல பிரதி வேண்டும். கறுப்பு வெள்ளையில் சுமார் 130 நிமிடம் ஓட வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் இதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால், கிடைத்த பிரதியையெல்லாம் தொலைக்காட்சிகள் ஓட்டித் தள்ளின. படம் வீட்டுக்கு வீடு தெரிந்ததே அப்படித்தான். மங்கலான பிரதிகள் இன்றும் சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். வண்ணம் பூசிய பதிப்பு வேண்டாம். மதுக்கடையில் ஸ்டூவர்ட்டின் முகத்தை நெருக்கத்தில் காட்டும் இடத்தில் நிழல்தான் பாதி நடிப்பு. சப்டைட்டில் கட்டாயம் இருக்கட்டும், வீட்டுக் காட்சியில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அடுத்து, ஜார்ஜ் நடத்தும் ‘பில்டிங் அண்ட் லோன்’ என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போனால் பின்னால் ஒன்றும் பிடிபடாது. ஊர்க்காரர்கள் சிறுகச் சிறுகச் சேமிப்பைப் போடுவார்கள், அதே பணம் அவர்களுக்குள்ளேயே வீட்டுக்கடனாகப் போகும். நம் ஊர் நிதிகளையும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களையும் அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பணம் பெட்டியில் இருக்காது, அடுத்த வீட்டுச் சுவரில் இருக்கும். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் கொடுக்க முடியாது. ஆக, அந்த நிறுவனத்தின் உண்மையான முதல், ஜார்ஜ் பெய்லி யோக்கியன் என்ற பேச்சுதான். அந்தப் பேச்சில் ஓட்டை விழுந்தால் 8,000 டாலரோடு நிற்காது.

இனி ஏடு. முதல் தடவை நிறுத்தாமல் முழுப் படத்தையும் பார்த்துவிடுங்கள், எதுவும் எழுத வேண்டாம். இரண்டாம் தடவை நோட்டில் கோடு கிழித்து ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தொகை, யார் கையிலிருந்து யார் கைக்கு, எதற்காக, அந்த நிமிடத்தில் அது யாருக்கெல்லாம் தெரியும், திரையில் அதைச் சுமக்கும் பொருள் எது. நான்காவது பத்தியை அகலமாக விடுங்கள், மற்ற நான்கும் அதற்குத் துணைதான்.

பணம் தொலைவதற்கு முன்பே ஏட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். டாக்ஸி ஓட்டும் எர்னிக்குக் கட்டித்தரும் வீடு 5,000 டாலர். திருமண நாளன்று ஊரே பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்கும்போது, தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை ஜார்ஜும் மேரியும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் முழுசாக 242 டாலரும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போவார். ஒரு பாட்டியம்மா 17 டாலர் 50 சென்ட் போதும் என்பார், ஜார்ஜ் எட்டி அவருக்கு ஒரு முத்தம் கொடுப்பான். அலுவலகத்தை மூடும்போது மிஞ்சுவது இரண்டே டாலர். பிறகு ஊர்ப் பணக்காரன் பாட்டர் ஜார்ஜைக் கூப்பிட்டு, உனக்கு வாரம் 45 டாலர் வருகிறது, என்னிடம் வா, வருஷத்துக்கு 20,000 தருகிறேன் என்று வலை விரிப்பான்.

இங்கே பலரும் செய்யும் தவறு, பெரிய தொகைகளை மட்டும் குறித்துக்கொள்வது. 17.50 என்ற சில்லறை இல்லாவிட்டால் 8,000-க்கு எடை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 45 என்றால் 8,000 டாலர் என்பது கிட்டத்தட்ட மூன்றரை வருஷச் சம்பளம். எர்னியின் வீடு மாதிரி ஒன்றரை வீடு. இந்தக் கணக்கைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி அளவுகோலை நம் கையில் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். உங்கள் கதையில் 40 லட்சம் கையாடல் என்று எழுதும்போது, அந்தக் குடும்பம் மளிகைக்கு மாதம் எவ்வளவு செலவு செய்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 40 லட்சமும் ஒன்றுதான், நாலு கோடியும் ஒன்றுதான்.

பணம் தொலையும் காட்சிக்கு வாருங்கள். படம் பாதியைத் தாண்டிய பிறகுதான் வரும். இதை மூன்று முறையாவது பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் பின்தொடர்ந்து.

முதல் முறை உறையை மட்டும் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஜார்ஜின் சித்தப்பா பில்லி 8,000 டாலரை டெபாசிட் கட்ட பாட்டரின் வங்கிக்குப் போகிறார். கையில் பணமிருக்கும் உறை. ஜார்ஜின் தம்பி ஹாரிக்குப் போரில் பெரிய விருது கிடைத்த செய்தி அன்றைய பேப்பரில் முதல் பக்கம். பாட்டரைப் பார்த்ததும் பில்லிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பாட்டரின் கையிலிருந்த பேப்பரைப் பறித்துப் பீற்றிக்கொள்கிறார். அந்தக் குஷியில் உறையையும் பேப்பரோடு சேர்த்து மடித்துப் பாட்டரின் மடியில் போட்டுவிட்டு கவுன்ட்டருக்குப் போகிறார். பணத்தை இதுவரை யாரும் திருடவில்லை, பில்லியின் பெருமையே அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. பில்லி ஞாபகமறதிக்காரர், விரலில் நூல் கட்டிக்கொண்டு திரிகிறவர் என்பதைப் படம் முன்னாலேயே சிரிப்பாகக் காட்டியிருக்கும். அப்போது சிரித்தது இப்போது நெஞ்சை அடைக்கிறது.

இரண்டாம் முறை பாட்டரின் முகத்தை. உள்ளறையில் பேப்பரைப் பிரித்ததும் உறை தெரிகிறது. சக்கர நாற்காலியைக் கதவுவரை தள்ளச் சொல்லி, லேசாகத் திறந்து பார்க்கிறான். வெளியே பில்லி குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். கதவு சாத்தப்படுகிறது. திருட்டு நடப்பது அந்தக் கதவு சாத்தும்போதுதான்.

மூன்றாம் முறை, நாற்காலியைத் தள்ளும் அந்த ஆளைப் பாருங்கள். வாயே திறக்கமாட்டான், ஆனால் எல்லாம் நடக்கும்போது அங்கேயே நிற்கிறான். நான்காவது பத்தியில் இப்போது எழுத வேண்டியது: பாட்டர், நாற்காலி தள்ளுபவன், நாம். பில்லிக்குத் தெரியாது, ஜார்ஜுக்குத் தெரியாது, அலுவலகத்தில் வந்து காத்திருக்கும் வங்கி ஆய்வாளருக்கும் தெரியாது. இதற்குப் பிறகு ஜார்ஜ் தெருவையெல்லாம் தேடும்போது நாம் ‘எங்கே போயிருக்கும்’ என்று துப்பறிவதில்லை, தேடும் மனிதனைத்தான் பார்க்கிறோம். பணம் எங்கே என்பதைக் கடைசிவரை மூடிவைத்தால் கிடைப்பது துப்பறியும் கதை. குடும்பக் கதை வேண்டுமென்றால் பார்ப்பவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் மட்டும் மறைக்க வேண்டும்.

அதன்பின் பழி எப்படித் தோள் மாறுகிறது என்று பாருங்கள். பில்லியின் சட்டையைப் பிடித்து உலுக்கி, திவால், அவமானம், ஜெயில், நம்மில் ஒருவர் உள்ளே போகப்போகிறோம், அது நானாக இருக்காது என்று கத்துகிறான் ஜார்ஜ். சற்று நேரத்தில் அதே ஜார்ஜ் பாட்டரின் முன்னால் நின்று, பணத்தை நான்தான் தொலைத்துவிட்டேன் என்கிறான். சித்தப்பாவின் பெயர் வரவில்லை. தொலைத்தது யார் என்று நன்றாகத் தெரிந்த பாட்டர், நீயா தொலைத்தாய் என்று திருப்பிக் கேட்கிறான். ஜார்ஜ் நல்லவன் என்று சொல்ல வேறு வசனமே வேண்டாம். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

அதே அறையில் இன்னொரு நுணுக்கம். அன்று காலையில், ஊரைவிட்டுப் போகிற வயலட் என்ற பெண்ணுக்கு ஜார்ஜ் கொஞ்சம் பணம் கொடுத்திருப்பான், நல்லெண்ணத்தில். பாட்டர் அதை எடுத்து, ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களே, பெண் விவகாரமா, இல்லை கம்பெனிப் பணத்தைப் பங்குச் சந்தையில் விட்டாயா என்கிறான். காலையில் செய்த உபகாரம் மாலையில் சாட்சியமாகிவிட்டது. முறைகேட்டுக் கதை எழுதுகிறவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்: அப்பாவின் மேல் விழும் சந்தேகத்துக்கு அவருடைய நல்ல காரியம் ஒன்றே ஆதாரமாக இருக்கட்டும். ஜார்ஜிடம் ஈடாகக் கொடுக்க இருப்பது 15,000 டாலர் ஆயுள் காப்பீட்டு பாலிசி. அதில் இப்போது கைக்கு வரக்கூடியது 500. உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் உனக்கு மதிப்பு என்கிறான் பாட்டர். தற்கொலை எண்ணத்தோடு பாலம் வரை ஜார்ஜைக் கொண்டுபோவது அந்தக் கணக்குதான். ஏட்டில் இந்த வரிக்கு அடிக்கோடு போடுங்கள்.

இனி வீடு. படத்திலேயே நுட்பமான பகுதி இதுதான் என்பேன். ஜார்ஜ் உள்ளே வருகிறான். மகள் ஜேனி பியானோவில் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாள். மகன் பீட் ஒரு சொல்லுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லி நச்சரிக்கிறான். சின்னவன் டாமி கோட்டைப் பிடித்து இழுக்கிறான். ஜார்ஜ் அவனை மடியில் இறுக்கிக்கொண்டு அழுகிறான், பையன் அப்பாவின் தலையில் ஜிகினாச் சரத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். மாடியில் இன்னொரு மகள் ஜூஜூவுக்குச் சளி. ஏறும்போது படிக்கட்டுக் கைப்பிடியின் குமிழ் எப்போதும்போலக் கையோடு வந்துவிடுகிறது. ஜூஜூவின் பூவிலிருந்து இதழ் உதிர்ந்திருக்கிறது. ஒட்டுவதுபோலப் பாவனை செய்து, இதழ்களைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான்.

பென்சிலும் கையுமாகக் கேளுங்கள். 8,000 என்ற எண் இந்தக் காட்சியில் ஒருமுறைகூட வராது. ஜார்ஜ் குறை சொல்வதெல்லாம் காற்று புகுந்து குளிரும் பழைய வீடு, கார், இத்தனை பிள்ளைகள் எதற்கு என்ற ஒரு வார்த்தை. தொலைபேசியில் ஜூஜூவின் டீச்சரைத் திட்டுகிறான். கடைசியில் மூலையிலிருக்கும் மேஜையை உதைத்துத் தள்ளுகிறான். அதில் இருந்தவை, இளமையில் கட்ட ஆசைப்பட்ட பாலங்களின் மாதிரிகள். பிறகு வரும் அமைதியில் மன்னிப்புக் கேட்டு, வாசி அம்மா என்று ஜேனியிடம் சொல்கிறான், அவள் உடைந்து அழுகிறாள். நம் கதைகளில் அப்பா வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் தொகையைச் சொல்லி ஒப்பாரி வைத்துவிடுகிறார், காட்சி அத்தோடு செத்துப்போகிறது. பணத்தைப் பற்றிப் பேசாமல் வீட்டுச் சாமான்களின் மேல் கோபத்தை இறக்கினால், பிள்ளைகள் புரியாமல் நிற்பார்கள். பார்ப்பவருக்கு வலிப்பது அந்தப் புரியாமை.

மேரியை விட்டுவிடாதீர்கள். கணவன் வெளியேறியதும் மேரியாக நடிக்கும் டோனா ரீட் உட்கார்ந்து அழுவதில்லை, தொலைபேசியை எடுத்து எண் கேட்கிறார். முடிவில் கூடைகூடையாகப் பணம் வந்து கொட்டுவதற்கு விதை அந்த ஒரு அழைப்பு. தேவதை கொண்டுவந்த காசு ஒரு சென்ட்கூட இல்லை.

உங்கள் திரைக்கதைக்கு இதை எடுத்துவரும்போது ஒரு சிக்கல். உறையில் ரொக்கம் தொலைவது இன்று எளிதில் நம்பும்படி இருக்காது. வங்கியில் கேமரா இருக்கிறது, பணம் பெரும்பாலும் இணையவழி போகிறது. வழியை மாற்றினாலும் மூன்று விஷயங்கள் மாறக்கூடாது: தவறு செய்தவர் அப்பா விட்டுக்கொடுக்க முடியாத ஓர் உறவு, கணக்குப் பார்க்க ஆள் அதே நாளில் வந்து நிற்கிறார், பணம் போன இடம் அவர் கெஞ்சப் போகும் அதே வாசல். வெற்றுக் காசோலையில் போட்டுக்கொடுத்த கையெழுத்து, தெரிந்தவருக்குச் சொல்லிவிட்ட ஓடிபி என்று எதுவானாலும், பார்ப்பவர் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பிறகு யாரோ வந்து விளக்கிச் சொன்னால் பயனில்லை.

கடைசிக் காட்சியில் பதிவுகள் வேகமாக வரும், நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். ஊர்க்காரர்களின் சில்லறை, தந்தியில் நண்பன் சாம் அனுமதிக்கும் 25,000 டாலர் வரை, கணக்குப் பார்க்க வந்த ஆய்வாளரே போடும் காசு, கிழித்தெறியப்படும் வாரண்ட். எல்லாம் எழுதி முடித்த பின் அந்த 8,000-க்குத் திரும்பிப் போங்கள். யார் கைக்கு என்ற பத்தியில் இன்னமும் பாட்டர் என்றே இருக்கும். யாருக்குத் தெரியும் என்ற பத்தியிலும் அதே பழைய மூன்று பேர்தான்.