றம்பொடை ஏற்றத்தில் சிக்கிய எக்சலேட்டர்

புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் உர மூட்டைகளோடு போகும்போது எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். லொறி வேகம் குறையவில்லை. உடனே கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றினேன். எஞ்சின் அலறியது, அலறட்டும். இது காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்; விட்டு விட்டு மிதித்தால் காற்று தீர்ந்துவிடும். ஒரே அழுத்தாக அழுத்தி மலைப்பக்கம் ஒதுக்கினேன். ஓடும்போது சாவியை மட்டும் உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு ஸ்டொப் வயரை (எஞ்சினுக்குப் போகும் டீசலை நிறுத்தும் கம்பி) இழுத்து எஞ்சினை அணைத்தேன். கிளீனர் தம்பி சில்லுக்குக் கல் வைத்தான்.

அப்புறம் பார்த்தால், எக்சலேட்டர் கேபிளின் உள்கம்பியில் ஓர் இழை பிரிந்து, உறைக்குள் முள்ளாகக் குத்தி நின்றது. இதற்கு எண்ணெய் விட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். புதுக் கேபிளும், காலை எடுத்ததும் எக்சலேட்டரைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போடும்வரை நான் லொறியை நகர்த்தவில்லை. இதுவே இறக்கமாக இருந்தால் நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பும் போய், பிரேக் ஒன்றுதான் துணை.